தகரத்தில் பதிந்த எண்



ஒரு வண்டியை முன்வைத்து ஒரு கேள்வியைப் பேச வந்திருக்கிறேன். வண்டி, இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் இராணுவம் ஓட்டிய ஃபோக்ஸ்வாகன் டைப் 82. கியூபல்வாகன் என்றால் உலகத்துக்குத் தெரியும். கதவில்லாத பழைய இராணுவக் கார்களில் ஆள் வெளியே உருண்டு விழாமல் இருக்க வாளிபோல் குழிந்த இருக்கைகளைப் பொருத்தினார்கள். அந்த இருக்கையின் பெயரே வண்டிக்கும் ஒட்டிக்கொண்டது. பின்னால் கதவு வந்துவிட்டது, பெயர் மட்டும் போகவில்லை. வரிவரியாக மடிப்பு அழுத்திய தட்டைத் தகரம், மூக்கின் சரிவில் படுத்திருக்கும் ஸ்டெப்னி, முன்னால் சாய்த்துப் போடக்கூடிய கண்ணாடி, மேலே தார்ப்பாய்க் கூரை, இவ்வளவுதான் அதன் உருவம். எஞ்சியிருக்கும் வண்டிகளைத் தேடிப் பிடித்து, துருவைச் சுரண்டி, எஞ்சினைப் பிரித்துச் சேர்த்து, போர்க்கால நிறம் பூசி மறுபடி ஓடவைப்பவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். அவர்கள் உழைப்பை நான் மதிக்கிறேன். என் கேள்வி, அந்த உழைப்பு எந்த இடத்தில் முடிகிறது என்பது. பெயின்ட் காய்ந்து எஞ்சின் உயிர்பெற்றவுடன் மீட்டெடுப்பு முடிந்துவிட்டதாக எண்ணுகிறோம். அப்போது பாதி வேலைதான் முடிந்திருக்கிறது என்பது என் கருத்து. இந்த வண்டியை யார், எந்த நிலையில் செய்தார்கள் என்பதும் சேர்ந்தால்தான் அது மீட்டெடுத்த வண்டியாகும். இந்தக் கோரிக்கையை வெளியிலிருந்து நான் சுமத்தவில்லை. வண்டியின் சேசிஸில் அடித்திருக்கும் எண்ணே அதைக் கேட்கிறது.

முதலில் வண்டிக்கு உரிய பெருமையைக் கொடுத்துவிடுவோம். ஃபெர்டினாண்ட் போர்ஷே மக்களுக்கென்று வடிவமைத்த சின்னக் கார்தான், பிற்காலத்தில் நாம் பீட்டில் என்று அறிந்த அதே கார்தான், இதற்கு அடிப்படை. அதன் சேசிஸின் மேல் இராணுவத்துக்கான திறந்த உடலைப் பொருத்திப் பார்த்தார்கள். டைப் 62 என்ற அந்த முன்மாதிரி 1939இல் போலந்துப் படையெடுப்பின்போது களத்தில் ஓடியது. படையினர் குறைகள் சொன்னார்கள். முதுகில் சுமையோடு நடக்கும் சிப்பாயின் வேகத்துக்கு, மணிக்கு சுமார் 4 கிலோமீட்டருக்கு, வண்டி இறங்கி வர வேண்டும். தரைக்கும் வண்டியின் அடிவயிற்றுக்கும் இடைவெளி இன்னும் கூட வேண்டும். போர்ஷேயின் குழு இரண்டுக்கும் ஒரே விடை கண்டது. பின்சக்கரங்களின் ஹப்பில் ஒவ்வொரு சிறு கியர் ஜோடியை வைத்தார்கள். வேகம் குறைந்தது, இழுவை கூடியது. ஆக்சில் மேலேறியதால் தரை இடைவெளியும் ஏறத்தாழ 29 சென்டிமீட்டராக உயர்ந்தது. நான்கு சக்கரங்களுக்கும் விசை போகும் ஏற்பாடு இதில் இல்லை, பின்சக்கரங்கள் மட்டுமே இழுக்கும். ஆனால் ஒரு சக்கரம் சேற்றில் வீணாகச் சுழலும்போது மற்றதற்கு விசையைத் திருப்பும் டிஃபரன்ஷியலும், எதையும் ஏற்றாதபோது 725 கிலோ மட்டுமே உள்ள எடையும் அந்தக் குறையைப் பெருமளவு ஈடுகட்டின. வண்டி சேற்றில் புதைந்தால் நான்கு பேர் சேர்ந்து தூக்கி நகர்த்திவிடலாம். ஒரு டன்னைத் தாண்டும் அமெரிக்க ஜீப்பில் அது எளிதல்ல.

எஞ்சினைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். முதலில் 985 சிசி, 1943இலிருந்து 1131 சிசி. சக்தி சுமார் 25 குதிரைத்திறன். ஜீப்பின் எஞ்சினுக்கு 60 இருந்தது என்பதோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைவு. ஆனால் இந்த எஞ்சின் காற்றால் குளிர்வது. ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. ரஷ்யக் குளிரில் உறைந்து வெடிக்கவோ, லிபியப் பாலைவனத்தில் கொதித்து ஆவியாகவோ அதில் எதுவும் இல்லை. குடிநீரையே அளந்து கொடுக்கும் பாலைவனப் போரில் தண்ணீர் கேட்காத எஞ்சின் எவ்வளவு பெரிய வசதி என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. எதிர்த்தரப்பும் இந்த வண்டியை மதித்தது. பிடிபட்ட வண்டிகளைப் பிரித்துப் பார்த்து, அவற்றை ஓட்டவும் பழுது நீக்கவும் வழிகாட்டும் கையேடு ஒன்றை அமெரிக்க இராணுவம் 1944இல் அச்சிட்டது. எதிரியின் வண்டிக்குக் கையேடு போடுவது, அதைத் தானும் ஓட்டத் தயாராக இருப்பவர்கள் செய்யும் வேலை. போருக்குப் பிறகு அந்த ஹப் கியர் ஏற்பாடே 1950இல் வந்த ஃபோக்ஸ்வாகன் வேனுக்குப் போய்ச் சேர்ந்து, 1967 வரை அதில் ஓடியது. பொறியியலாக இது சிறந்த வண்டி. இனி நான் சொல்லப்போகும் எதற்காகவும் இந்தத் தீர்ப்பை மாற்றிக்கொள்ள மாட்டேன்.

இப்போது வண்டி பிறந்த இடத்துக்குப் போவோம். 1938 மே 26இல், ஃபாலர்ஸ்லேபன் என்ற ஊருக்கு அருகே, ஹிட்லர் தன் கையால் அடிக்கல் நாட்டிய ஆலை அது. கட்டியது ராபர்ட் லை தலைமையிலான ஜெர்மன் தொழிலாளர் முன்னணி. பெயரைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. 1933 மே மாதம் சுதந்திரமான தொழிற்சங்கங்களையெல்லாம் ஒரே நாளில் நசுக்கிவிட்டு, அவற்றின் கட்டடங்களையும் கணக்கில் இருந்த பணத்தையும் பறித்துக்கொண்டு எழுந்த அமைப்பு அது. அப்படிப் பறித்த சொத்து ஆலையின் முதலீட்டில் சேர்ந்தது. பிறகு மக்களிடம் வந்தார்கள். காரின் விலை 990 மார்க்; வாரம் 5 மார்க் கொடுத்து முத்திரை வாங்கி அட்டையில் ஒட்டிக்கொண்டே வாருங்கள், அட்டை நிறைந்தால் கார் வரும் என்றார்கள். ஏறத்தாழ 3,36,000 பேர் சேர்ந்தார்கள். அந்தத் திட்டத்தின்படி ஒருவருக்கும் கார் கிடைக்கவில்லை. ஏமாந்தவர்கள் போருக்குப் பின் பல ஆண்டுகள் வழக்காடி, 1961இல்தான் சிறு தள்ளுபடியோ சிறு தொகையோ பெற்றார்கள். மக்களின் சேமிப்பைக் காட்டி எழுந்த ஆலை போர் முடியும்வரை முக்கியமாகச் செய்து அனுப்பிய வண்டி இந்தக் கியூபல்வாகன்தான். 1940இலிருந்து 1945 வரை செய்தவை 50,435.

அந்த 50,435 வண்டிகளைச் செய்தவர்கள் யார்? ஆண்டுவாரியாக இதற்கு விடை இருக்கிறது. ஜெர்மன் ஆண்கள் படைக்குப் போகப் போக, காலியான இடங்களுக்கு ஆட்களைப் பிடித்து வந்தார்கள். 1940 கோடையிலேயே போலந்துப் பெண்கள் வந்தார்கள். 1941 இலையுதிர்காலத்தில் சோவியத் போர்க்கைதிகள், பட்டினியில் நடக்கவும் முடியாத நிலையில், வந்து சேர்ந்தார்கள். 1942 ஏப்ரலில் ஆலை வளாகத்துக்குள்ளேயே ஒரு வதைமுகாம் திறக்கப்பட்டு, அக்டோபர் வரை இருந்தது. அதற்கு ‘வேலைக் கிராமம்’ என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார்கள். அதே ஆண்டு உக்ரைனிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் இளம்பெண்களும் சிறுவர்களும் வந்தார்கள். பிறகு பிரெஞ்சுக்காரர், டச்சுக்காரர். 1943 செப்டம்பரில் இத்தாலி போரிலிருந்து விலகியதும் நேற்றுவரை தோழர்களாயிருந்த இத்தாலியச் சிப்பாய்கள் கைதிகளாக வந்தார்கள். 1944இல் லாக்பெர்க் என்ற இடத்தில் நொயென்காம வதைமுகாமின் கிளை எழுந்தது. போர்க்காலம் முழுவதும் அந்த ஆலையில் கட்டாயமாக வேலைவாங்கப்பட்டவர்கள் சுமார் 20,000 பேர், அவர்களில் சுமார் 5,000 பேர் வதைமுகாம் கைதிகள். 1944இல் ஆலையில் வேலை செய்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் அயல்நாட்டார். பெரும்பாலோர் தாமாக விரும்பி வந்தவர்கள் அல்லர்.

அந்தப் பெண்களில் சிலர் தாயானார்கள். பிறந்த குழந்தைகளைத் தாய்மாரிடமிருந்து பிரித்து, ஆலை நிர்வாகத்தின் கீழ் இருந்த ஒரு விடுதியில் சேர்த்தார்கள். 1944இல் அந்த விடுதி பக்கத்திலிருந்த ரூயன் என்ற கிராமத்துக்கு மாறியது. போதிய பால் இல்லை, சுத்தம் இல்லை, நோய் வந்தால் கவனிப்பும் இல்லை. தாய்மார் ஆலையில் வேலை செய்துகொண்டிருக்க, முந்நூறுக்கும் மேற்பட்ட குழந்தைகள் அங்கே இறந்தன. பொறுப்பிலிருந்த ஆலை மருத்துவர் ஹன்ஸ் கோர்பெலுக்கு 1946இல் பிரிட்டிஷ் இராணுவ நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது; மறு ஆண்டு அது நிறைவேறியது. இதைச் சொல்லும்போது வண்டியை விட்டு வெகுதூரம் வந்துவிட்டதாக உங்களுக்குத் தோன்றலாம். தூரம் ஒன்றும் இல்லை. இறந்த குழந்தையைப் பார்த்துவிட்டு மறுநாள் தாய் திரும்பிப் போனது இதே ஆலைக்குள்தான்.

இப்போது மீட்டெடுப்பவரின் பட்டறைக்குள் வருகிறேன். துருப்பிடித்த ஒரு கூடு கிடைத்ததும் அவர் முதலில் தேடுவது சேசிஸ் எண்ணை. காரணம் எளிது. இந்த வண்டிக்குப் போலிகள் அதிகம். பீட்டிலின் சேசிஸில் புதிதாக அழுத்திய தகர உடலைப் பொருத்தி ஒரு கியூபல்வாகனை உருவாக்கிவிடலாம். உண்மையான வண்டிகளிலும் போருக்குப் பின் எஞ்சின் மாறியிருக்கும். 1954க்குப் பிந்தைய 1192 சிசி எஞ்சின்கூட அதில் எளிதாக உட்காரும். ஆகவே எண்ணைப் பார்த்து, அது எந்த ஆண்டைச் சேர்ந்தது என்று கண்டுபிடிக்கிறார். ஆண்டு தெரிந்தால் எல்லாம் முடிவாகிறது. 1943 பிப்ரவரிக்கு முந்தியதா, அடர்சாம்பல் நிறம். பிந்தியதா, மங்கிய மஞ்சள். எஞ்சின் 985ஆ, 1131ஆ, எந்த விளக்கு, எந்த இருக்கை, எந்த ஸ்க்ரூ என்பதுவரை அந்த எண் தீர்ப்புச் சொல்கிறது. ஒரு ஸ்க்ரூவின் தலை தவறாக இருந்தால் உறக்கம் வராத அளவுக்கு இவர்கள் நுணுக்கமானவர்கள். அந்த நுணுக்கத்தைத்தான் நான் பற்றிக்கொள்கிறேன். பெயின்டின் நிறத்தைச் சொல்லும் அதே எண், அந்த ஆண்டில் அந்தக் கூடத்தில் யார் நின்றார்கள் என்பதையும் சொல்கிறது. வெளி உடல் பெர்லினிலிருந்த ஆம்பி-பட் ஆலையிலிருந்து வந்தது. அதைத் தன் சேசிஸோடும் எஞ்சினோடும் சேர்த்து வண்டியாக்கியது ஃபாலர்ஸ்லேபன் ஆலை. 1941 எண் என்றால் போலந்துப் பெண்கள் இருந்த ஆலை; 1944 எண் என்றால் உக்ரைன் பெண்களும் இத்தாலியக் கைதிகளும் இருந்த ஆலை. குறிப்பிட்ட ஒரு போல்ட்டை முறுக்கிய கை எதுவென்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் எண் தரும் தகவலில் நிறத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஆட்களை விட்டுவிடுவது அரைகுறை ஆராய்ச்சி. வரலாற்றுத் துல்லியம் என்ற சொல்லை அப்படிச் செய்பவர் பயன்படுத்தக் கூடாது.

இதற்கு வரும் மறுப்புகளில் முதலாவது, எந்திரம் குற்றமற்றது என்பது. கியருக்கும் பிஸ்டனுக்கும் அரசியல் தெரியாது, நல்ல பொறியியலை ரசிப்பவனிடம் ஏன் வதைமுகாமைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று கேட்பார்கள். கியர் குற்றம் செய்யவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வடிவமைப்பை ரசிப்பதும் ஒரு குறிப்பிட்ட வண்டியைப் போற்றுவதும் இரு வேறு செயல்கள். வடிவமைப்பு வரைபடத்தில் இருக்கிறது. அதை ரசிக்க நேற்று அழுத்திய தகரமே போதும். அப்படியிருந்தும் போர்க்காலத்து அசல் வண்டிக்கு மட்டும் பல மடங்கு விலை கொடுக்கிறார்களே, அது எதற்கு? இந்த உலோகம் அந்த ஆண்டுகளில் அந்த இடத்தில் இருந்தது என்பதற்குத்தானே? அந்தக் காலத்தையும் இடத்தையும் விலைகொடுத்து வாங்கியவர், அந்தக் காலமும் இடமும் எனக்கு வேண்டாம் என்று சொல்ல முடியாது.

இரண்டாவது மறுப்பு இதைவிட வலுவானது. எல்லாப் போர்வண்டியும் போருக்காகச் செய்ததுதானே, ஜீப்பைப் பற்றி ஏன் இப்படிப் பேசுவதில்லை? எந்தப் பொருளைத் தோண்டினாலும் யாரோ ஒருவருடைய வியர்வை இருக்கத்தானே செய்யும்? வியர்வை எல்லாம் ஒன்றல்ல. ஜீப்பைச் செய்த வில்லிஸ், ஃபோர்ட் ஆலைகளில் தொழிலாளர் கூலி வாங்கினார்கள், சங்கம் வைத்திருந்தார்கள். ஃபோர்டோடு நீண்ட காலம் மோதி 1941இல் சங்கத்தை ஏற்கவைத்தவர்கள் அவர்கள். வேலை பிடிக்காவிட்டால் அவர்கள் நின்றுவிடலாம். கியூபல்வாகன் ஆலை தொழிற்சங்கத்தின் பிணத்தின்மேல் எழுந்தது. அதில் இருந்தவர்களில் பெரும்பகுதியினர் வாயிலைத் தாண்டினால் பிடிபட்டுத் தண்டனை பெறுவார்கள். இந்த வேறுபாட்டை மழுப்பி எல்லாம் ஒன்றுதான் என்று பொதுவாகப் பேசும்போது, ரூயனில் குழந்தையை இழந்த பெண்ணுக்கு நாம் மறுபடி ஓர் அநீதி செய்கிறோம். ஜீப்புக்கும் உரிய வரலாறு உண்டு, அதன் அருகில் அதை எழுதி வைக்கலாம். ஆனால் அது வேறு வரலாறு.

மூன்றாவது மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வருகிறது. இத்தனை கொடுமையில் பிறந்த வண்டியை ஏன் பாதுகாக்க வேண்டும், உருக்கிவிடலாமே, இது நாஜிகளைப் போற்றுகிறவர்களுக்குப் பொம்மையாகிறதே என்கிறார்கள். அந்தக் கவலை நியாயமானது. ஸ்வஸ்திகா முதலிய சின்னங்களைப் பொதுவில் காட்டுவதை ஜெர்மன் சட்டம் தடுக்கிறது. கல்வி, ஆய்வு, கலை போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. அந்தத் தடை சரியானது என்றே நினைக்கிறேன். ஆனால் வண்டியை உருக்கினால் சாட்சியையும் சேர்த்து உருக்குகிறோம். 2017இல், அந்த ஆலையைச் சுற்றி வளர்ந்த இன்றைய வொல்ஃப்ஸ்பர்க் நகரில் கடைத்தொகுதி ஒன்றுக்காக நிலத்தைத் தோண்டியபோது, லாக்பெர்க் முகாம் கொட்டகைகளின் அடித்தளம் வெளிப்பட்டது. நகரத்துக்குள்ளேயே இத்தனை காலம் மண்ணுக்கடியில் கிடந்திருக்கிறது. அங்கு அடைபட்டவர்கள் அனைவரும் போய்ச் சேர்ந்த பிறகு, அந்தக் கல்லும் இந்தத் தகரமும்தான் தொட்டுக் காட்ட மீதி இருக்கும். கல்லைக் காப்பாற்ற வேண்டும் என்றால் தகரத்தையும் காப்பாற்றத்தான் வேண்டும்.

காப்பாற்றுவது எப்படி என்பதில் வாகனப் பாதுகாப்புத் துறையிலேயே நல்ல சிந்தனை வளர்ந்திருக்கிறது. பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பு 2012இல் ஏற்ற டூரின் சாசனம், புதுக்கிக் காட்டுவதைவிட இருப்பதைப் பேணுவதற்கு முதலிடம் தருகிறது. வண்டி உழைத்த காலத்தில் அதில் நேர்ந்த மாற்றங்களும் அதன் வரலாற்றின் பகுதி என்கிறது. கியூபல்வாகனுக்கு இது மிகவும் பொருந்தும். போருக்குப் பின் பல நாடுகளில் இவை கைமாறி, விவசாயிகளிடமும் வனத்துறையினரிடமும் உழைத்தன. ஒட்டுப் போட்ட தகரம், வீட்டில் அடித்த பச்சைப் பெயின்ட், பின்னால் பற்றவைத்த கொக்கி எல்லாம் அந்த வாழ்க்கையின் அடையாளங்கள். டிங்கரிங் செய்து, பட்டி பூசி, தேய்த்து, ஆலையிலிருந்து நேற்று வந்ததுபோல் ஆக்கும்போது இவை அத்தனையும் போகின்றன. ஆலையிலிருந்து வந்த அந்த நாளுக்கே வண்டியைத் திருப்பிக்கொண்டு போக வேண்டும் என்று ஒருவர் பிடிவாதம் பிடித்தால், போகட்டும். ஆனால் அந்த நாளில் அதைத் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தியவர்களையும் பார்த்துவிட்டு வர வேண்டும்.

தகவல் கிடைக்கவில்லை என்ற சமாதானமும் இன்று செல்லாது. ஃபோக்ஸ்வாகன் நிறுவனமே 1986இல் வரலாற்றாசிரியர் ஹன்ஸ் மாம்சனிடம் இந்த ஆய்வை ஒப்படைத்தது. அவரும் மன்ஃப்ரெட் கிரீகரும் எழுதி 1996இல் வெளியிட்ட நூல் ஆயிரம் பக்கங்களைத் தாண்டுகிறது. 1998இல் நிறுவனம் முன்னாள் கட்டாயத் தொழிலாளருக்கென நிதி ஒன்றை அமைத்தது. ஜெர்மன் அரசும் தொழில்துறையும் சேர்ந்து 2000இல் 1,000 கோடி மார்க்குடன் நிறுவிய அறக்கட்டளை, 2007க்குள் 16 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குப் பணம் கொடுத்து முடித்தது. விடுதலை கிடைத்தது 1945இல். இழப்பீடு வந்தது அரை நூற்றாண்டு கழித்து. அதற்குள் பெரும்பாலோர் இறந்துவிட்டார்கள். இந்தத் தாமதத்தை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை. எனினும் உண்மை இப்போது அச்சில் இருக்கிறது, விரும்பியவர் எடுத்துப் படிக்கலாம். கட்டாயத் தொழிலாளரின் நினைவிடத்தை 1999இல் ஆலைக்குள்ளேயே, குண்டுவீச்சின்போது பதுங்கக் கட்டிய நிலவறையில் திறந்தார்கள். அதே நகரின் வேறொரு தெருவில் இருக்கும் வாகன அருங்காட்சியகத்தில் கியூபல்வாகன் நிற்கிறது. செய்தவர்கள் ஒரு கட்டடத்தில், செய்த பொருள் இன்னொரு கட்டடத்தில். வண்டியை மட்டும் பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறவருக்கு அந்த நிலவறை இருப்பதே தெரியாமல் போகக்கூடும்.

ஆகவே நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. கண்காட்சிகளில் இந்த வண்டியின் அருகே பலகை வைக்கிறார்கள். எஞ்சின் அளவு, எடை, வேகம், மீட்டெடுக்க ஆன ஆண்டுகள், அசல் பாகங்களின் விவரம் எல்லாம் அதில் இருக்கின்றன. அந்தப் பலகையில் இன்னும் மூன்று வரிகள் சேரட்டும்: சேசிஸ் எண், அது குறிக்கும் ஆண்டு, அந்த ஆண்டு அந்த ஆலையில் வேலைவாங்கப்பட்டவர்கள் எந்தெந்த நாட்டார், எந்த நிலையில் வைக்கப்பட்டிருந்தார்கள் என்ற விவரம். இத்தகைய வண்டியை எங்கேனும் பார்க்க நேர்ந்தால் நீங்களும் உரிமையாளரிடம் மரியாதையோடு எண்ணைக் கேளுங்கள், ஆண்டைக் கேளுங்கள். அடுத்த கேள்வியையும் கூச்சப்படாமல் கேளுங்கள். 1945 ஏப்ரல் 11 அன்று அமெரிக்கப் படை அந்த ஆலைக்கு வந்து சேர்ந்தது. அதற்கு முந்தைய நாள்வரை அங்கே வண்டிகளைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள்.